கைமாறிய பேட்டிங் பட்டம்: 2012 நேஷனல் லீக் நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய ஆய்வு இது

2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு விசித்திரமான நிலைமை வந்தது. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடை வாங்கிய சான் பிரான்சிஸ்கோ வீரர் ஒருவர், அதன்பின் ஒரு பந்தைக்கூட அடிக்காமலே, அதன் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் பேட்டிங் பட்டத்தை (சீசனின் உச்ச பேட்டிங் சராசரிக்குத் தரப்படுவது) நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். சீசன் முடிய இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில் விதியின் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. பட்டம் வேறொருவருக்குப் போனது.

ஸ்டீராய்டு, பேஸ்பால் என்றாலே பேச்சு ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடிப்பது) சாதனைகளுக்குத்தான் போகும். அதை விட்டுவிட்டு இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஹோம் ரன் விவகாரத்தில் நிர்வாகம் கடைசிவரை எதையும் தீர்மானிக்கவில்லை. முணுமுணுப்பும் சங்கடமுமாகவே அது கழிந்தது. இங்கே ஒரு தேதிக்குள் பட்டத்தைக் கொடுத்தாக வேண்டும் அல்லது மறுத்தாக வேண்டும். ஒரு விளையாட்டு தன் கணக்குப் புத்தகத்தில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அப்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தது. எனக்குத் தெரிந்து, மற்ற விளையாட்டுகளும் படிக்க வேண்டிய முடிவு அது.

மருந்து விவகாரத்தில் சம்பந்தப்பட்ட வீரர்களின் பெயர்களை இங்கே தரவில்லை. பழைய சாதனையாளர்கள் சிலரின் பெயர்கள் மட்டும் வரும்.

பின்னணி: புத்தகத்தைத் தொட அஞ்சிய விளையாட்டு

பேஸ்பால் ரசிகர்களுக்கு எண்கள் புனிதமானவை. 60, 61, 714, 755 என்று எண்ணை மட்டும் சொன்னாலே யார், எந்த ஆண்டு என்று சொல்லிவிடுவார்கள். அந்த எண்களில் கைவைக்கும் முயற்சி ஊக்கமருந்துக்கு வெகு முன்பே ஒருமுறை நடந்து, கெட்ட பெயரில் முடிந்தது.

1927இல் பேப் ரூத் ஒரே சீசனில் 60 ஹோம் ரன் அடித்தார். அப்போது சீசனுக்கு 154 ஆட்டங்கள். 1961இல் ரோஜர் மாரிஸ் 61 அடித்தபோது அமெரிக்கன் லீக் 162 ஆட்டங்களுக்கு மாறியிருந்தது. 154 ஆட்டங்களுக்குள் தாண்டாவிட்டால் சாதனையைத் தனியாகக் குறிக்க வேண்டும் என்று விளையாட்டின் தலைமை நிர்வாகியான அன்றைய ஆணையர் ஃபோர்டு ஃப்ரிக் அந்தக் கோடையிலேயே சொல்லிவிட்டார். மாரிஸின் 61ஆவது, சீசனின் கடைசி நாளான அக்டோபர் 1ஆம் தேதி வந்தது. நட்சத்திரக் குறி போட்டார்கள் என்று பலரும் இன்றும் நம்புகிறார்கள். உண்மையில் அப்படி ஒரு குறி அதிகாரபூர்வமாக அச்சாகவில்லை, இரண்டு எண்களையும் தனித்தனி வரிகளில் போட்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பிரிவினையை 1991இல் ஒரு குழு நீக்கியது. மாரிஸ் இறந்து அதற்குள் கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்தத் தப்பும் செய்யாத ஒரு மனிதர், தன் சாதனை முழுசாகத் தன்னுடையது என்று காதால் கேட்காமலே போய்ச் சேர்ந்தார். எண்ணுக்குப் பக்கத்தில் குறி போடுவோம் என்று யாராவது சொன்னால் பேஸ்பால்காரர்கள் பதறுவது இதனால்தான்.

அப்புறம் வந்தது ஸ்டீராய்டு காலம். 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் அனபாலிக் ஸ்டீராய்டுகளைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. 1991இல் பேஸ்பால் ஆணையர், இவை நம் விளையாட்டிலும் தடை என்று அணிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தடை இருந்தது, சோதனை இல்லை. வீரர்கள் சங்கத்தின் சம்மதம் இல்லாமல் சோதனை நடத்த முடியாது, சங்கம் சம்மதிக்கவில்லை, அணி முதலாளிகளும் உயிரைக் கொடுத்துப் போராடவில்லை. 1994இல் வேலைநிறுத்தத்தால், சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸே ரத்தாகி, ரசிகர்கள் கோபித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவந்தது 1998ஆம் ஆண்டின் ஹோம் ரன் பந்தயம். செயின்ட் லூயிஸ் வீரர் 70, சிகாகோ வீரர் 66. அந்த ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் வீரரின் அலமாரியில் ஆண்ட்ரோஸ்டீன்டயோன் என்ற ஹார்மோன் மாத்திரை பாட்டில் இருப்பதை ஒரு நிருபர் கண்ணால் பார்த்து எழுதினார். ஒலிம்பிக்கிலும் அமெரிக்கக் கால்பந்திலும் தடை செய்யப்பட்ட பொருள், பேஸ்பாலில் அனுமதிக்கப்பட்டது. திட்டு வாங்கியவர் பெரும்பாலும் நிருபர்தான். 2010இல் அந்த வீரரே, 1998 உட்படப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு எடுத்ததாக ஒப்புக்கொண்டார்.

2001இல் சான் பிரான்சிஸ்கோவின் இன்னொரு வீரர் 73 அடித்தார். 2007 ஆகஸ்ட் 7ஆம் தேதி அதே வீரர் தன் 756ஆவது ஹோம் ரன்னை அடித்து ஹாங்க் ஆரனின் 755ஐத் தாண்டினார். அந்தப் பந்தை ஏலத்தில் 7,52,467 டாலருக்கு வாங்கிய ஆடை வடிவமைப்பாளர் ஒருவர், பந்தை என்ன செய்யலாம் என்று இணையத்தில் வாக்கெடுப்பு வைத்தார். நட்சத்திரக் குறி பொறிக்கச் சொன்னவர்களே அதிகம். அப்படியே பொறிக்கப்பட்டு, கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்குப் போனது. புத்தகத்தில் இல்லாத குறி பந்தின் மேல் ஏறியது. 73, அவருடைய வாழ்நாள் மொத்தமான 762 ஆகிய இரண்டு எண்களும் இன்றுவரை எந்தக் குறிப்பும் இல்லாமல் புத்தகத்தில் இருக்கின்றன.

சோதனை 2003இல் தொடங்கியது, முதலில் பெயர் வெளியிடாத கணக்கெடுப்பாக. 5 சதவீதத்துக்கு மேல் மருந்து தென்பட்டால் மறு ஆண்டிலிருந்து கட்டாயச் சோதனை என்பது ஒப்பந்தம். 5 முதல் 7 சதவீதம்வரை வந்தது. 2005இல் முதல் குற்றத்துக்கு 10 நாள் தடை என்று ஆரம்பித்து, நாடாளுமன்ற விசாரணையின் அழுத்தத்துக்குப் பின் அதே ஆண்டின் கடைசியில் முதல் முறை 50 ஆட்டம், இரண்டாம் முறை 100, மூன்றாம் முறை ஆயுள் தடை என்றானது. 2012இல் நடைமுறையில் இருந்தது இதுதான்.

பட்டத்துக்கான கணக்கு

நமக்கு பேட்டிங் சராசரி என்றால் கிரிக்கெட் கணக்குதான் நினைவுக்கு வரும். பேஸ்பாலில் அது வேறு. பந்தை அடித்துவிட்டு ஓடி, பேஸ் எனப்படும் நிலையைப் பத்திரமாகச் சேர்ந்தால் ஒரு ஹிட், ஹிட்களை அட்-பேட்களால் வகுத்தால் சராசரி. 0.300 என்றால் நல்ல வீரர். 0.340 என்றால் அந்த ஆண்டின் மிகச் சிறந்த சிலரில் ஒருவர்.

பத்து முறை வந்து நாலு ஹிட் அடித்தவர் பட்டத்தைத் தட்டிப்போகக் கூடாது என்பதால் ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. மட்டையோடு வந்து நின்ற ஒவ்வொரு முறையும் ஒரு பிளேட் அப்பியரன்ஸ். வாக் (தவறாக வீசப்பட்ட நாலு பந்துகளுக்காக அடிக்காமலே கிடைக்கும் பேஸ்) போன்றவற்றைக் கழித்தால் மிஞ்சுவது அட்-பேட். ஆட்டத்துக்கு 3.1 வீதம், 162 ஆட்டங்களுக்கு 502 பிளேட் அப்பியரன்ஸ் வேண்டும்.

இதற்கு, 2012இல் 10.22(அ) என்று எண்ணிடப்பட்டிருந்த விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் 502ஐத் தொடவில்லை என்று வையுங்கள். குறைகிற முறைகளையெல்லாம் ஹிட் இல்லாத அட்-பேட்களாக அவர் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படியும் அவர் சராசரியே உச்சத்தில் நின்றால் பட்டம் அவருக்கு. நியாயமான விதி, காயம்பட்டவர்களுக்காக இருப்பது. 1996இல் சான் டியேகோவின் டோனி க்வின் 498 பிளேட் அப்பியரன்ஸோடு இந்த விலக்கில்தான் பட்டம் வென்றார். யாரும் முகம் சுளிக்கவில்லை.

இந்த விதியை எழுதியவர்கள், ஒருவர் 502ஐத் தொடாமல் போவதற்கு ஊக்கமருந்துத் தடையும் காரணமாகலாம் என்று யோசித்திருக்கவே முடியாது.

நடந்தது: ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை

நம் வீரர் ஒரு லெஃப்ட் ஃபீல்டர். 2010இல் அட்லாண்டாவில் 0.255 என்ற சுமாரான சராசரியோடு ஆடியவர். 2011இல் கேன்சஸ் சிட்டிக்குப் போய் 0.305க்கு ஏறினார். 2012இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்ததும் விஸ்வரூபம். மே மாதத்தில் மட்டும் 51 ஹிட். 1958 மே மாதத்தில் வில்லி மேஸ் எடுத்த 49ஐ அது தாண்டியது. இரு லீகுகளின் நட்சத்திர வீரர்களும் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் ஜூலை 10ஆம் தேதி கேன்சஸ் சிட்டியில் நடந்தது, நேஷனல் லீக் 8-0 என்று ஜெயித்தது. அதில் இரண்டு ரன் தந்த ஹோம் ரன்னும் அடித்து, ஆட்ட நாயகன் விருதும் வாங்கினார். அந்த ஆட்டம் வெறும் காட்சி ஆட்டம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2003 முதல் 2016 வரை, ஆல்-ஸ்டாரில் ஜெயிக்கும் லீகின் அணிக்குத்தான் வேர்ல்ட் சீரீஸில் சொந்த மைதானச் சாதகம்.

ஆகஸ்ட் 15ஆம் தேதி அறிவிப்பு வந்தது: டெஸ்டோஸ்டிரோன், 50 ஆட்டத் தடை. எடுக்கக் கூடாததை எடுத்ததன் விளைவு இது, தடையை ஏற்கிறேன் என்று வீரர் அன்றே ஒப்புக்கொண்டார். அன்றைய நிலையில் அவர் கணக்கு: 113 ஆட்டங்கள், 501 பிளேட் அப்பியரன்ஸ், 459 அட்-பேட், 159 ஹிட், சராசரி 0.346.

டெஸ்டோஸ்டிரோன் எல்லா மனித உடலிலும் ஊறுவதுதானே, வெளியிலிருந்து போட்டது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இரண்டு படிகள். உடலில் டெஸ்டோஸ்டிரோனும் எபிடெஸ்டோஸ்டிரோனும் ஏறக்குறைய ஓர் ஒழுங்கான விகிதத்தில் இருக்கும். சிறுநீரில் அந்த விகிதம் நாலுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டினால் சந்தேகம். அப்புறம் கார்பன் ஐசோடோப்பு சோதனை. செயற்கை டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் சோயா போன்ற தாவரங்களிலிருந்து தயாராவதால், அதில் கார்பன்-13 (சற்றுக் கனமான கார்பன் வகை) நம் உடம்பே செய்வதைவிடக் குறைவாக இருக்கும். அந்த வித்தியாசத்தை மறைப்பது கடினம். மேஜர் லீகின் மாதிரிகள் அப்போது கனடாவின் மான்ட்ரியால் ஆய்வகத்துக்குப் போயின.

இதற்கிடையே இன்னொரு சங்கதி வெளியே வந்தது. தடை அறிவித்த சில நாட்களில் நியூயார்க் பத்திரிகை ஒன்று எழுதியது இது: வீரரின் முகவர்களோடு வேலைபார்த்த ஒருவர் 10,000 டாலர் கொடுத்து ஓர் இணையதளத்தை வாங்கி, இல்லாத ஒரு களிம்பை அதில் விற்பனைக்கு இருப்பதுபோலக் காட்ட முயன்றிருக்கிறார். தெரியாமல் வாங்கித் தடவிவிட்டேன் என்று மேல்முறையீட்டில் சொல்வது திட்டம். புலனாய்வாளர்கள் நூலைப் பிடித்து இழுத்ததும் கதை பிரிந்துவிட்டது. இதை நான் விடாமல் குறிப்பிடுவதற்குக் காரணம், மாதிரியில் என்ன இருந்தது என்பதில் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை என்பதுதான். ஹோம் ரன் விவகாரங்களில் ஒப்புதலும் வதந்தியும் கசிந்த சாட்சியமும் கலந்து கிடந்தன. இங்கே சோதனை முடிவும் இருந்தது, ஒப்புதலும் இருந்தது.

சிக்கல் முளைத்தது

தடை வந்த அன்று பட்டத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பிட்ஸ்பர்க் வீரர் ஒருவர் அப்போது இன்னும் உயரத்தில் இருந்தார். ஆனால் செப்டம்பரில் அவர் சராசரி இறங்கத் தொடங்கியது. நம் வீரருடையது இறங்காது, ஏறவும் செய்யாது. அவர்தான் ஆடவில்லையே. 0.346 அப்படியே உறைந்து நின்றது, மற்றவர்கள் அதற்குக் கீழே சரிந்தார்கள்.

501க்கும் 502க்கும் ஒன்றுதான் குறைவு. விதிப்படி ஹிட் இல்லாத ஓர் அட்-பேட்டைச் சேர்த்தால் 460இல் 159, அதாவது 0.3457. மூன்று இலக்கத்துக்கு மாற்றினால் மறுபடியும் 0.346தான். தண்டனையாகச் சேர்க்கும் அந்த ஒன்று அவர் சராசரியை ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. ஆடாமல் இருப்பதே அவருக்குச் சாதகம். அவர் மீதி 45 ஆட்டங்களில் ஆடியிருந்தால், களைப்பிலும் பிட்சர்களின் (பந்து வீசுபவர்களின்) புது உத்தியிலும் சராசரி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். தடை அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

முடிவு: செப்டம்பர் 21

அன்று வந்த அறிவிப்பின் சாரம் இது. வீரரே சங்கத்தின் மூலம் எழுதிக் கேட்டுக்கொண்டார்: களங்கப்பட்ட ஒரு பட்டம் எனக்கு வேண்டாம், என்னைப் போட்டியிலிருந்து விலக்குங்கள். ஆணையர் அலுவலகமும் சங்கமும் சேர்ந்து, மருந்துத் தடையால் 502ஐ எட்டாதவருக்கு 10.22(அ) விலக்கு கிடையாது என்று முடிவெடுத்தன. 2012 சீசனுக்கு மட்டும். வீரரின் செயலை வருத்தத்தின் அடையாளமாக மதிப்பதாக ஆணையர் சொன்னார்.

சங்கம் ஏன் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கலாம். மேஜர் லீகில் வீரர்களைப் பாதிக்கும் விதிகள் இரு தரப்பு ஒப்பந்தத்தில் கட்டுண்டவை. சீசன் நடுவே ஒரு தரப்பு மட்டும் விதியை மாற்றினால் வழக்கு வரும், வீரர் ஜெயிக்கவும் கூடும். அந்தக் கடிதம் இல்லாமல் போயிருந்தால் ஆணையருக்குச் சுலபமான வழி எதுவும் இருந்திருக்காது. கடிதத்தை மனப்பூர்வமாகத்தான் எழுதினாரா, அடுத்த ஒப்பந்தத்தை மனத்தில் வைத்து எழுதினாரா என்று அப்போதே பலரும் கேட்டார்கள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. காரணம் எதுவானாலும் சரியான காரியம் நடந்தது.

ஏன் எண்ணை அழிக்கவில்லை

இந்த ஆய்வின் மையம் இதுதான். பட்டத்தை மறுத்தார்கள், ஆனால் 159 ஹிட்டில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. மே மாதத்தின் 51 ஹிட் அப்படியே இருக்கிறது. ஆல்-ஸ்டார் விருதும் திரும்ப வாங்கப்படவில்லை. அரைகுறையான நியாயம் என்று சிலருக்குத் தோன்றியது. அதே 2012 அக்டோபர் 22ஆம் தேதி சர்வதேச சைக்கிள் சங்கம், ஓர் அமெரிக்க வீரரின் ஏழு டூர் டி பிரான்ஸ் வெற்றிகளையும் ஒரே அடியில் துடைத்தெறிந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 9.79 விநாடியில் ஓடிய வீரரின் ஓட்டமே நடக்காததுபோல் ஆக்கப்பட்டு, தங்கம் இரண்டாவதாக வந்தவருக்குப் போனது. பேஸ்பால் மட்டும் ஏன் தயங்குகிறது?

பாக்ஸ் ஸ்கோரைப் பார்த்தால் புரியும். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோரர் கணக்கைச் சரிபார்க்க விதிப்புத்தகமே ஒரு சமன்பாடு தருகிறது. ஓர் அணியின் அட்-பேட், வாக், பந்து மேலே பட்டதால் போனவர்கள், தியாக அடிகள், குறுக்கீட்டால் பேஸ் கிடைத்தவர்கள் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அது அந்த அணியின் ரன், இன்னிங்ஸ் முடியும்போது பேஸிலேயே நின்றுபோனவர்கள், எதிரணி எடுத்த அவுட் ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு. நம்மூர்ப் பெட்டிக்கடையின் வரவு செலவு ஏடு மாதிரி, ஒரு பக்கத்தில் அடித்தால் மறுபக்கம் உதைக்கும்.

இப்போது அந்த வீரரின் ஒரு ஹிட்டை நீக்குங்கள். அந்த இடத்தில் என்ன போடுவது? அவுட் என்றா? அப்படியானால் எதிரணிக்கு ஓர் அவுட் கூடுகிறது, இன்னிங்ஸ் முன்னதாக முடிந்திருக்க வேண்டும், பிறகு வந்தவர்கள் அடித்தது நடந்திருக்கவே கூடாது. அந்த ஹிட்டை விட்டுக்கொடுத்த பிட்சரின் கணக்கு மாறும். அவர் அடித்ததால் ஓடி வந்து ரன் எடுத்த சக வீரரின் ரன் என்னாகும்? அணி அந்த ஆட்டத்தை ஜெயித்ததா இல்லையா? நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு பாதையைத் தூக்கிவிட்டால் மற்ற ஏழு பாதைகளும் அப்படியே இருக்கும். பேஸ்பாலில் ஒருவருடைய எண் இன்னொருவருடைய எண்ணோடு முடிச்சுப் போட்டே பிறக்கிறது. 113 ஆட்டங்களில் அவர் கைபட்ட எல்லாவற்றையும் பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. மருந்தால் எத்தனை ஹிட் கூடுதலாக வந்தன என்பது அளக்க முடியாதது. டெஸ்டோஸ்டிரோன் தசையைக் கூட்டும், நீண்ட சீசனில் உடல் சீக்கிரம் தேறவும் உதவும். ஆனால் அதை எண்ணாக மாற்ற வழியில்லை. இதே வீரரின் அடுத்த ஆண்டுகளைப் பாருங்கள். 2013இல் 0.279. மருந்து போனதும் மட்டை போயிற்று என்று சொன்னார்கள். அந்தச் செப்டம்பரில்தான் அவர் முதுகுத்தண்டில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. 2014இல் 0.301. சராசரியைப் பார்த்து மருந்தைக் கண்டுபிடிக்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு இந்த நாலு எண்கள் (0.305, 0.346, 0.279, 0.301) நல்ல பாடம்.

ஆக ஹிட் என்பது நடந்த சம்பவம். அது நடந்தது என்று சாட்சி சொல்வது மட்டுமே புத்தகத்தின் வேலை. பட்டம் அப்படிப்பட்டது இல்லை. இவரே இந்த ஆண்டின் சிறந்தவர் என்று லீக் தன் வாயால் சொல்வது பட்டம். நடந்ததை நடக்கவில்லை என்று எழுத லீகுக்கு உரிமை கிடையாது. பாராட்டாமல் இருக்க முழு உரிமை உண்டு. 2012இல் செய்தது இந்தப் பிரிவினையைத்தான். ஃப்ரிக் 1961இல் செய்ததற்கு நேர் எதிரானது இது. அவர் சம்பவத்துக்கே அடைமொழி ஒட்டப் பார்த்தார்.

பின்விளைவுகள்

அணியின் 117 ஆட்டங்கள் முடிந்தபோது தடை வந்ததால் சீசனில் 45 ஆட்டம், மீதி 5 பிளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய வெளியேற்றுச் சுற்றுகளில்). சின்சினாட்டியோடு நடந்த முதல் சுற்று சரியாக ஐந்து ஆட்டம் போனது. அதன்பின் அவர் ஆடியிருக்கலாம், விதி தடுக்கவில்லை. அணி அவரைச் சேர்க்கவில்லை. அவர் இல்லாமலே செயின்ட் லூயிஸைத் தாண்டி, வேர்ல்ட் சீரீஸில் டெட்ராய்ட்டை 4-0 என்று வென்றது. அந்தத் தொடர் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியதற்குக் காரணம் ஜூலையில் நடந்த அந்த ஆல்-ஸ்டார் ஆட்டம். நியாயமாகச் சொன்னால் சான் பிரான்சிஸ்கோவுக்கு 94 வெற்றி, டெட்ராய்ட்டுக்கு 88, வெற்றியை வைத்துப் பார்த்திருந்தாலும் அங்கேதான் தொடங்கியிருக்கும்.

பேட்டிங் பட்டம் அதே அணியின் கேட்சருக்குப் போனது, 0.336. பிட்ஸ்பர்க் வீரர் 0.327இல் முடித்தார். 1942இல் எர்னி லொம்பார்டிக்குப் பிறகு நேஷனல் லீகில் ஒரு கேட்சர் அந்தப் பட்டத்தை வெல்வது அதுவே முதல் முறை. ஆட்டம் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்து பிடிப்பவர் மட்டையிலும் முதலிடம் பிடிப்பது லேசான காரியமில்லை. 70 ஆண்டுக்கு ஒருமுறை வந்த அந்த வரி, ஒரு கடிதம் வராமல் போயிருந்தால் புத்தகத்தில் இருந்திருக்காது. மருந்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

வீரருக்கு நவம்பரில் டொராண்டோ இரண்டு ஆண்டுகளுக்கு 1.6 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. 2013இல் ஃப்ளோரிடாவில் ஒரு தனியார் மருத்துவ மையத்தின் பதிவேடுகள் வெளியாகி, ஆகஸ்ட் 5ஆம் தேதி ஒரே நாளில் 13 வீரர்கள் தடை செய்யப்பட்டபோது அவர் பெயரும் அடிபட்டது. ஏற்கெனவே தண்டனை அனுபவித்துவிட்டார் என்பதால் புதுத் தடை இல்லை. 50 ஆட்டச் சம்பளத்தை இழந்து 1.6 கோடி கிடைக்குமென்றால் கணக்கு யாருக்குச் சாதகம் என்று மற்ற வீரர்களே வெளிப்படையாகக் கோபப்படத் தொடங்கினார்கள். வருடக்கணக்காகச் சோதனையை எதிர்த்த சங்கத்துக்குள்ளிருந்தே கடுமை வேண்டும் என்ற குரல் வந்தது. 2014 மார்ச்சில் தடை 80 ஆட்டம், 162 ஆட்டம், ஆயுள் என்று உயர்ந்தது. அந்த சீசனில் தடை வாங்கியவர் பிளேஆஃபில் ஆடவும் முடியாது என்றானது.

ஒப்பிட இரண்டு நிகழ்வுகள்

2011இல் நேஷனல் லீகின் மதிப்புமிக்க வீரர் விருதை வென்ற மில்வாக்கி வீரருக்கு அந்த அக்டோபரில் எடுத்த மாதிரியில் மருந்து தெரிந்தது. மாதிரியை எடுத்தவர் உடனே அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்தார் என்ற காரணத்தால் 2012 பிப்ரவரியில் தீர்ப்பு வீரருக்குச் சாதகமானது. 2013இல் அவரே தவறை ஏற்று 65 ஆட்டத் தடை வாங்கினார். விருதைத் தருவது பத்திரிகையாளர் சங்கம், லீக் அல்ல. விருது அவரிடமே இருக்கிறது.

2015இல் மயாமியின் இரண்டாம் பேஸ் வீரர் 0.333 சராசரியோடு பேட்டிங் பட்டம் வென்றார். இரண்டாமவர் 0.330. 2016 ஏப்ரல் கடைசியில் அவருக்கு 80 ஆட்டத் தடை. மாதிரி எடுத்தது 2016இன் பயிற்சிக் காலத்தில். முந்தைய ஆண்டுப் பட்டத்தை யாரும் தொடவில்லை. கசப்பாக இருந்தாலும் இது சரியென்றே நினைக்கிறேன். 2015இல் அவர் மருந்து எடுத்தார் என்பதற்கு ஆய்வகத் தாள் எதுவும் இல்லை. சந்தேகத்தை வைத்துப் பட்டத்தைப் பறிக்க ஆரம்பித்தால் மாரிஸுக்கு நடந்தது இன்னும் பலருக்கு நடக்கும்.

எதை மாற்ற வேண்டும்

2012 முடிவின் பெரிய ஓட்டை அதன் குறுகிய அளவு. நிறுத்திவைத்தது விலக்கை மட்டும்தான். அந்த வீரர் ஆகஸ்ட் 14க்குள் இன்னும் ஒரே ஒரு முறை மட்டையோடு வந்து ஒரு வாக் வாங்கியிருந்தாலும் 502 நிறைந்திருக்கும். விலக்கே தேவைப்பட்டிருக்காது, அந்தத் திருத்தம் அவரைத் தொட்டே இருக்காது. ஒரு வாக்கின் மேல் தொங்கிக்கொண்டிருந்த நியாயம் அது. எனவே விதி நிரந்தரமாக, எளிமையாக இருக்க வேண்டும்: எந்த சீசனில் மருந்துத் தடை உறுதியாகிறதோ, அந்த சீசனின் எந்தப் பட்டத்துக்கும் அந்த வீரர் தகுதியற்றவர். எத்தனை முறை ஆடினார் என்ற கேள்வியே வேண்டாம். கடிதமும் வேண்டாம். மன்னிப்புக் கேட்கும் மனநிலை உள்ளவரிடமிருந்து பட்டம் போய், பிடிவாதக்காரரிடம் தங்கிவிடுவது சரியல்ல.

விருதுகளுக்கும் இதே அளவுகோல் வேண்டும். அந்த ஜூலை ஆல்-ஸ்டார் விருது லீக் கொடுத்தது. அதே லீக் செப்டம்பரில் பட்டத்தை மறுத்துவிட்டு, ஜூலை கோப்பையைப் பற்றி வாய் திறக்காதது எனக்கு இன்னும் உடன்பாடில்லை. மாதிரி எடுத்த தேதியை வெளியிட்டு, அது ஆட்டத்துக்கு முன்பா பின்பா என்று சொல்லியிருந்தாலாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்.

எண்களுக்கு நட்சத்திரக் குறி வேண்டாம். அதற்குப் பதில், வீரரின் ஆண்டுவாரிப் பட்டியலில் காயத்தால் ஆடாத நாட்களைக் காட்டுவதுபோல, தடை தொடங்கிய தேதியையும் ஆட்ட எண்ணிக்கையையும் அதே வரியில் போட்டால் போதும். தீர்ப்பு எதுவும் எழுத வேண்டியதில்லை. 2012க்கு எதிரே 159 ஹிட், 0.346, ஆகஸ்ட் 15 முதல் 50 ஆட்டத் தடை. இதை அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்க்கச் சங்கமும் லீகும் ஒரு கூட்டத்தில் ஒப்புக்கொண்டால் ஆயிற்று. அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இது மேசைக்கு வர வேண்டும்.